நிழலில் உலர்த்தவும்

திருப்பூர் ராயபுரத்தில்
இரண்டாம் மாடி லேபிள் ஆபீஸ்.
இருபத்திரண்டு மில்லிமீட்டர் அகலம் என் தினப்பாடு:
வெள்ளைச் சாட்டின் நாடா,
அதில் ஐந்து பாயிண்ட் தமிழ்.

முன்பிருந்த எழுத்து
நாடாவில் இறங்கினாலே மை ஊறிக்
கண்ணை மூடிக்கொள்ளும்.
மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே பொட்டு.
தண்ணீர் தன்னீராகும்.
ர-வும் துணைக்காலும் ஒட்டிப் பிறந்தவை;
'முதல் தரம்' என்று அடித்தால்
'முதல் தாம்' என்று வரும்.
பத்து லட்சம் பனியன் அப்படித்தான் போயிற்று.
காதர்பேட்டையில் ஒருவரும் புகார் சொல்லவில்லை.
"போச்சாதுங்க,
கழுத்துக்குள்ள எட்டிப் பார்த்துப் படிக்கவா போறாங்க"
என்றார் மெஷின் நாச்சிமுத்து.

ரிஃபாயா கரும்புக்கடைக்காரி.
நேரில் பார்த்ததில்லை.
ஒரு ஃபைல் அனுப்பினாள்,
பதிப்பு பூஜ்யம் புள்ளி தொண்ணூற்று மூன்று.
எழுத்துருவுக்குப் பெயர் இல்லை.
"மொதல்ல நடக்கட்டுமுங்க, அப்புறம் கூப்பிட்டுக்கலாம்."

திரையில் எண்ணூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவள் வரைந்தது கறுப்பை அல்ல.
சுழிக்குள் கிடக்கும் வெள்ளையை
ஒரு காடுபோல முதலில் அளந்திருக்கிறாள்;
கறுப்பு அதற்குக் கிளுவை வேலி.
ழ-வின் வால்
ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கப் போகிறவர்
படியில் ஒரு கால் வைத்துத் தரையைப் பார்ப்பதுபோல்
கோட்டுக்குக் கீழே தயங்கி நின்றது.
ர-வுக்குத் தனியாக ஒரு சாய்ந்த பாதம்.
என் லேபிளில் ஔ வரவே வராது.
அதையும் வரைந்திருந்தாள்,
ள-வைச் சிறுக்கவைத்து
ஒ-வின் மடியில் உட்காரவைத்து.
யாருக்காக என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.

இரவு ஷிப்டில் ஓட்டினோம்.

குளிர்ந்த நீரில் அலசவும்
வெளுப்பான் வேண்டாம்
முறுக்கிப் பிழியாதீர்
நிழலில் உலர்த்தவும்

நான்கு வருஷமாய் இதையே செட் செய்கிறேன்.
அன்றுதான் படித்தேன்.
நாச்சிமுத்து நாடாவை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்,
மூன்றாம் வரியில் விரல் நின்றது.
"ஏனுங்கம்மிணி,
இதுல ஒண்ணை ஓனர் சட்டைக்கும் தெச்சு உட்டர்லாமுங்களா?"

ஒரு குறையும் இருந்தது.
'பிழியாதீர்' முடிகிற இடத்தில் புள்ளி
எகிறி மேல்வரியின் காலைக் கடித்தது.
எழுதினேன்.
மறுநாள் பதில்: "ஒரு நூல் இறக்கியிருக்கேன், பாருங்க."
எங்கள் ஊரில் நூல் என்றால் கவுண்ட் கேட்போம்.
கேட்டேன்.
சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது,
கூடவே தொண்ணூற்று நான்கு.

பிறகு ஒரு மாசி மாதத்து வியாழன்.
காங்கயம் பஸ், நல்லூர் தாண்டி.
முன்சீட்டில் ஒருவர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.
காலருக்கு வெளியே மடங்கி நின்றது நாடா,
என் கண்ணுக்கு ஒரு முழமும் இல்லை.
'முதல் தரம்.'
தாம் இல்லை. தரம்.
டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம்
ஊர் சொல்ல மறந்து சில்லறையை நீட்டினேன்.

முன்சீட்டுக்காரர் தூக்கத்திலேயே
பிடரியைச் சொறிந்தார்.
குத்துகிறதுபோல.
வீட்டுக்குப் போனதும் கத்தரிக்கோல் எடுப்பார்,
எல்லாரும் வெட்டத்தான் வெட்டுகிறார்கள்,
நானே வெட்டியிருக்கிறேன்.

ரிஃபாயாவுக்கு அனுப்பினேன்:
பஸ்ஸில் பார்த்தேன். ர, ர-வாகவே இருந்தது.

படியூர் வருவதற்குள் பதில் வந்தது:
"எந்த வெளிச்சத்துல?"

நிமிர்ந்து பார்த்தேன்.